பேட்டை நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை போதுமா, வளைவைச் சுருக்க வேண்டுமா?

வடகிழக்குவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையின் நுழைவாயிலைப் பற்றி எழுத வேண்டுமென்று பல மாதங்களாக நினைத்திருந்தேன். சென்ற வாரம் என் தாயாருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

அம்மாவுக்கு வயது 74. காலை ஏழரை மணிக்கு ஈரச்சந்தையிலிருந்து சக்கரப் பையை இழுத்துக்கொண்டு, பெருஞ்சாலையை ஒட்டிய நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். நடைபாதை எங்கள் நுழைவாயிலில் முடிந்து, சாலையைக் கடந்து, மறுபுறம் மீண்டும் தொடங்குகிறது. அம்மா இறங்கி நான்கைந்து அடி வைத்திருப்பார். பேட்டையிலிருந்து இடப்பக்கம் திரும்புவதற்காக நின்றிருந்த கார் புறப்பட்டுவிட்டது. ஓட்டுநரின் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அம்மா வந்தது இடப்பக்கத்திலிருந்து. வண்டி சக்கரப் பையில் இடித்து நின்றது. அம்மாவுக்குக் காயம் எதுவுமில்லை, ஆனால் அன்று முழுவதும் அவர் சரியாகப் பேசவில்லை. அந்த ஓட்டுநர் இறங்கி வந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் கை நடுங்கியது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஏனெனில் அதே இடத்தில் அதே போல வலப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு நானும் பலமுறை காரை எடுத்திருக்கிறேன்.

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெருஞ்சாலையில் ஒவ்வொரு திசையிலும் இரண்டு தடங்கள். வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். நடுத்திட்டில் எங்கள் நுழைவாயிலுக்கு நேராக ஒரு திறப்பு உண்டு. எதிர்த்திசையிலிருந்து வருவோர் அதன் வழியாக வலப்பக்கம் திரும்பி உள்ளே வருவார்கள். போக்குவரத்து விளக்கு கிடையாது. வெளியேறும் ஓட்டுநருக்கு வலப்பக்கத்தில், அதாவது வண்டிகள் வரும் திசையில், சுமார் 20 மீட்டர் தள்ளிப் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சிறிது தூரத்திலேயே பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் தடுப்புக்கம்பம். நுழைவாயில் விசிறிபோல் விரிந்திருக்கிறது. நடப்பவர் கடக்க வேண்டிய அகலத்தை நான் அளந்து பார்த்தேன், ஏறத்தாழ 13 மீட்டர். உள்ளே சாலையின் அகலமோ ஏழு மீட்டர்தான்.

ஓராண்டுக்கு முன் நாங்கள் சிலர் முறையிட்டதன் பேரில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். தரையில் ‘மெதுவாக’ என்று வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். எந்த மாற்றமும் தெரியவில்லை. இனி எதைக் கேட்பது என்பதே என் கேள்வி. துறை அறிந்தவர்களும், இதே போன்ற இடத்தில் வசிப்பவர்களும் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்

தம்பி, அம்மா நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. நான் 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அமைப்பில் என் கண்ணில் முதலில் பட்டது பேருந்து நிறுத்தம்தான்.

நிறுத்தம் நுழைவாயிலுக்கு முன்னால் இருந்தால், அங்கு நிற்கும் பேருந்து வெளியே வர நினைக்கும் காரோட்டிக்கு ஒரு சுவர். பேருந்தின் நீளம் 12 மீட்டர். அதைத் தாண்டி வலத் தடத்தில் என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. பொறுமையுள்ளவர் காத்திருப்பார். அவசரத்தில் இருப்பவர், ‘பேருந்து நிற்கும்வரை இடத் தடத்தில் எதுவும் வராது, இதுவே நல்ல தருணம்’ என்று எண்ணிச் சட்டென்று வெளியே வருவார். அதே நொடியில் நான் சமிக்ஞை போட்டுப் பேருந்தை நகர்த்துவேன். இப்படி எத்தனையோ முறை பிரேக்கை அழுத்தியிருக்கிறேன். பேருந்துக்குள் நிற்கும் முதியவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போதெல்லாம் என் கவலை. வெளியே யாருக்கும் அடிபடாவிட்டாலும் உள்ளே ஒருவர் விழுந்தால் அதுவும் சாலை விபத்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேருந்து வருவதைக் கண்டதும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பயணிகள் ஓடி வருவார்கள். நிறுத்தத்துக்கு வரும் நேர்வழி நுழைவாயிலைக் கடந்துதான் என்றால், அவர்களின் கண் பேருந்தின்மீது இருக்கும், காரோட்டியின் கண் பெருஞ்சாலைமீது இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத அந்த இடத்தில்தான் உங்கள் தாயார் நின்றிருக்கிறார்.

நிறுத்தத்தை நுழைவாயிலைத் தாண்டி அப்பால் நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி நகர்த்தும்போது மூன்று பேருந்துகள் ஒரே நேரத்தில் வந்தால் வால் பகுதி நுழைவாயிலை அடைத்துவிடாதபடி போதிய தூரம் விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விளக்குக் கம்பம்

இதற்கு ஒரே தீர்வு போக்குவரத்து விளக்கு. 2023-ல் நம் சாலைகளில் 136 பேர் உயிரிழந்தார்கள். 2024-ல் அது 142 ஆனது. இத்தீவில் இத்தனை உயிர்கள் போகும்போது, ஓட்டுநரின் நல்லெண்ணத்தை நம்பி முதியவர்களைச் சாலையில் இறக்க முடியாது. விளக்கு வந்தால் ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதியையும் கேட்கலாம். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 நொடிகள் கூடுதலாக எரிவான். 2009 முதல் நடைமுறையில் உள்ள நல்ல ஏற்பாடு அது. பலகை, வண்ணப்பூச்சு எல்லாம் மனத்தைச் சமாதானப்படுத்துவதற்கு மட்டுமே.

கரைக்கல்

சாலை வடிவமைப்புத் துறையில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தனியார் ஆலோசனை அலுவலகத்தில்தான், அரசு அமைப்பில் அல்ல. ஆகவே இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து.

வடகிழக்குவாசி அளந்து சொன்ன அந்த 13 மீட்டரில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே ஏழு மீட்டர் அகலமுள்ள சாலை வாயிலில் 13 மீட்டராக விரிவதற்குக் காரணம், இரு மூலைகளிலும் நடைபாதை விளிம்பின் கரைக்கல் ஏறத்தாழ 10 மீட்டர் ஆரத்தில் வளைக்கப்பட்டிருப்பதே. நடைபாதை பெருஞ்சாலையின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே கடந்தால், 10 மீட்டர் ஆரத்துக்குக் கடக்கும் தூரம் 12.7 மீட்டர் வரும். அதே மூலையை 4 மீட்டர் ஆரத்துக்குச் சுருக்கினால் கடக்கும் தூரம் 7.3 மீட்டராகக் குறைந்துவிடும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு முதியவர் முதல் நிலையில் 16 நொடிகள் வண்டிப்பாதையில் இருக்கிறார். இரண்டாம் நிலையில் 9 நொடிகள். எந்த விளக்கும் இல்லாமல், எந்த ஓட்டுநரின் குணமும் மாறாமல், ஆபத்தில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

வளைவின் ஆரம் நடப்பவரின் தூரத்தோடு வண்டியின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. திரும்பும்போது பக்கவாட்டில் உடல் தள்ளப்படுவதை உணர்ந்துதான் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார்; பலகையைப் படித்து அல்ல. வண்டி உண்மையில் ஓடும் பாதை கரைக்கல்லின் வளைவைவிடப் பெரியது. அந்தப் பாதையின் ஆரம் 20 மீட்டராக இருந்தால், உடலுக்கு அசௌகரியம் தோன்றாமலேயே மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிவிட முடியும். 8 மீட்டராகச் சுருங்கினால் 18 கிலோமீட்டருக்கு மேல் போக அவருக்கே பிடிக்காது. அகலமான வாயில் ‘வேகமாக வா’ என்று சொல்கிறது. அதன் நடுவே ‘மெதுவாக’ என்று எழுதினால் ஓட்டுநர் வாயில் சொல்வதைத்தான் கேட்பார்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கையே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். ஓர் ஆளைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 21 மீட்டர் கடந்துவிடுகிறது, உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 14 மீட்டர், மொத்தம் 35. நம் ஊர் மழை பெய்யும்போது பிரேக் தூரம் 25 மீட்டரைத் தொட்டு மொத்தம் 45 மீட்டரைத் தாண்டும். 30 கிலோமீட்டரில் அதே ஓட்டுநர் உலர்ந்த சாலையில் 18 மீட்டருக்குள் நின்றுவிடுவார். மோதினாலும், 50-ல் செல்லும் வண்டியின் மோதல் ஆற்றல் 30-ல் செல்வதைப்போல் 2.8 மடங்கு.

அடுத்தது நடைபாதையின் மட்டம். இப்போது நடப்பவர் கீழே இறங்குகிறார்; தார்ச்சாலை தடையின்றித் தொடர்கிறது. ‘இது வண்டிக்குரிய இடம், நீ விருந்தாளி’ என்று அந்த அமைப்பே இருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறது. இதைத் தலைகீழாக்க வேண்டும். நடைபாதையை அதே மட்டத்தில், அதே கல்லோடு, நுழைவாயிலுக்குக் குறுக்கே கொண்டுசெல்லுங்கள். வண்டி 75 முதல் 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கட்டும். ஏறும் ஒவ்வொரு முறையும், தான் வேறொருவரின் பாதைக்குள் வந்திருப்பது ஓட்டுநருக்கு உடலாலேயே புரியும். வண்டிகள் உள்ளே நுழையும் இடங்களில் நடைபாதை அறுபடாமல் தொடர வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் தெரியாத கருத்தன்று. புதிய பேட்டைகளில் இதைக் கண்ணால் காணலாம். பழைய பேட்டைகள்தாம் பழைய வரைபடத்தோடு நிற்கின்றன.

விளக்கைப் பற்றி: நண்பரின் கவலையை மதிக்கிறேன், ஆனால் இங்கே அதை முதல் மருந்தாகக் கொள்ள மாட்டேன். அருகே விளக்குள்ள சந்திப்பு இருந்தால் இரண்டுக்கும் இடையே வண்டிகள் தேங்கும். நுழைவாயிலில் நாளின் பெரும்பகுதி வண்டிகள் குறைவு. யாருமற்ற பக்கச் சாலைக்காகச் சிவப்பில் நிற்கப் பழகிய ஓட்டுநர்களும், பச்சை மனிதனுக்காக நெடுநேரம் காத்திருந்து பொறுமையிழந்து சிவப்பில் கடக்கும் நடையர்களும் புதிய ஆபத்தை உண்டாக்குவார்கள். விளக்கு இருந்தாலும் வலப்பக்கம் திரும்புவோர் தம் கணிப்பில் இடைவெளி பார்த்துத் திரும்பும் முறை நீடித்தால் மோதல் நீங்காது. அதனால்தான் 2018-க்குப் பிறகு ஏராளமான சந்திப்புகளில் வலத்திருப்பத்துக்குத் தனிச் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

இரு பிள்ளைகளின் தாய்

ஐயா கரைக்கல் அவர்களுக்கு நன்றி. படிக்கும்போது எங்கள் நுழைவாயிலே கண்முன் வந்தது. நான் கூற விரும்புவது காலை ஆறரை மணிக் காட்சி. அந்த நேரத்தில் இன்னும் முழுமையாக விடிந்திருக்காது. பள்ளிப் பேருந்துகள் புளோக்குக்கு உள்ளே திரும்ப இடமில்லாததால் நுழைவாயிலின் வளைவிலேயே நிற்கின்றன. விரிந்த மூலை அவற்றுக்கு நிறுத்துமிடமாகிவிட்டது. பிள்ளைகள் ஏறும்போது பின்னால் வரும் கார்கள் பேருந்தைச் சுற்றிக்கொண்டு எதிர்த்தடத்தில் நுழைகின்றன. இரட்டை மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் இடம் இருக்கும்வரை யாராவது நிறுத்தத்தான் செய்வார்கள். மூலை சுருங்கினால் நிற்கவே முடியாது என்பது எனக்கு அதன் மிகப் பெரிய பயனாகத் தோன்றுகிறது. கூடவே, பள்ளிப் பேருந்துக்குப் பேட்டைக்குள் முறையான ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அவர்களை விரட்டினால் மட்டும் போதாது.

இரண்டாவது, நடைபாதையில் வரும் சைக்கிள்கள். 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து தடைசெய்யப்பட்டன. நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வரம்பு. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று பார்த்துச் செல்ல வேண்டும் என்பதும் விதி. இரவு உணவு நேரத்தில் நுழைவாயிலில் நின்று பாருங்கள், நிற்பவர் சிலரே. நடைபாதை மேட்டின்மீது தடையில்லாமல் தொடர்ந்தால், சைக்கிளோட்டி இன்னும் வேகமாக வந்துவிட மாட்டாரா? கார் ஓட்டுநர் மெதுவாகத் திரும்பினாலும், நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் வரும் சைக்கிளை அவரால் எப்படிக் காண முடியும்?

மூன்றாவது, என் மாமியாருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. கரைக்கல்லின் இறக்கத்தைக் கைத்தடியால் உணர்ந்துதான் ‘இங்கே சாலை வருகிறது’ என்று அறிந்துகொள்கிறார். எல்லாம் ஒரே மட்டமாகிவிட்டால் அவருக்கு அந்த அடையாளம் போய்விடும்.

கரைக்கல்

அம்மா, மூன்றும் மிகச் சரியான கேள்விகள். மூன்றாவதற்கு விடை எளிது: மேடை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் புள்ளிகள் எழும்பிய தரைக்கற்களைப் பதிக்க வேண்டும், காலாலும் கைத்தடியாலும் உணரலாம். எங்கள் வரைபடங்களில் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஆனால் செலவைக் குறைக்கும் கட்டத்தில் முதலில் காணாமற்போவது இதுதான். ஆகவே உங்கள் கடிதத்தில் இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை நீங்கள் சுட்டிய ஆபத்து உண்மையானது. மேடைக்கு இருபுறமும் செடிகளையும் அறிவிப்புத் தட்டிகளையும் அகற்றிப் பார்வையைத் திறப்பதே முதல் வேலை. ஓட்டுநர் கோட்டில் நிற்கும்போது இருபுறமும் நடைபாதை பத்துப் பதினைந்து மீட்டருக்காவது அவர் கண்ணில் பட வேண்டும். இடுப்பளவு வளர்ந்த ஒரு புதர் வரிசை ஒரு குழந்தையை முழுவதுமாக மறைத்துவிடும். அதை வெட்டுவதற்கு வரைபடம்கூட வேண்டாம். குவியாடி வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள்; அதில் தூரமும் வேகமும் தவறாகத் தெரியும், மழைத்துளி படிந்தால் ஒன்றுமே தெரியாது. வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டுமே அது.

கூட்டுரிமைவாசி

எங்களுடையது கூட்டுரிமைக் குடியிருப்பு (காண்டோமினியம்). சில ஆண்டுகள் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தேன். வடகிழக்குவாசி சொன்ன தடுப்புக்கம்பத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தடுப்பு முன்பு நுழைவாயிலிலிருந்து ஒரே ஒரு கார் நிற்கும் தூரத்தில்தான் இருந்தது. மாலையில் விருந்தினர் ஒருவர் காவலரிடம் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்குப் பின்னால் வரும் இரண்டாவது கார் நடைபாதைமீது நிற்கும். மூன்றாவதன் வால் பெருஞ்சாலையில் நிற்கும். அந்த மூன்றாவது ஓட்டுநருக்குப் பின்னாலிருந்து இடி விழுமோ என்ற அச்சம்; முன் கார் நகர்ந்ததும் நடைபாதையில் யார் வருகிறார் என்று பார்க்காமல் பாய்ந்து உள்ளே வருவார். நடப்பவர்களோ நிற்கும் கார்களுக்கு இடையே புகுந்து செல்வார்கள். தடுப்பை மூன்று கார்களின் நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் உள்ளே தள்ளினோம். விருந்தினருக்கு ஓரத்தில் தனி இடம் ஒதுக்கினோம். இரண்டு வாகன நிறுத்துமிடங்களை இழக்க வேண்டியிருந்ததால் கூட்டத்தில் கடும் எதிர்ப்பு. செய்து முடித்த பிறகு பெருஞ்சாலையில் வரிசை நின்று நான் பார்க்கவில்லை.

ஆனால் மேடு பற்றி எனக்கு ஓர் ஐயம். எங்கள் உள்சாலையில் வேகத்தடை மேடு போட்டபோது முதல் இரண்டு மாடிகளில் வசிப்பவர்கள் இரவில் தூங்க முடியவில்லை என்றார்கள். வண்டி ஏறி இறங்கும் சத்தமும், உடனே விசையைக் கூட்டும் சத்தமும் சிறிதல்ல.

விளக்குக் கம்பம்

நான் இன்னும் உடன்படவில்லை. மூலையை 4 மீட்டர் ஆரத்துக்குச் சுருக்குங்கள் என்கிறார் பொறியாளர். தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே போகும்? நாள்தோறும் வரும் குப்பை லாரி? வீடு மாறுவோரின் பார லாரி? நாலாம் மாடியில் தீப்பற்றி எரியும்போது, வளைவில் சிக்கிய தீயணைப்பு வண்டி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தால் அதற்கு யார் பொறுப்பு? நடப்பவரின் பாதுகாப்புக்காக வீட்டிலிருப்பவரின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது.

கரைக்கல்

இதை எழுப்பியதற்கு நன்றி. ஒவ்வொரு நுழைவாயில் திட்டத்திலும் இதே இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. குடிமைத் தற்காப்புப் படையின் வண்டி தடையின்றி நுழைய வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆண்டில் சில முறை வரும் நீண்ட வண்டிக்காக, நாள் முழுவதும் வரும் சிறு கார்களுக்கும் விரிந்த வளைவைக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. மூலையின் உட்பகுதியைத் தார் போடாமல், சொரசொரப்பான கல் பதித்து, சக்கரம் ஏறக்கூடிய அளவுக்குச் சிறிதே உயர்த்திவிட்டால், கார் ஓட்டுநர் அதைத் தவிர்த்து இறுக்கமாகத் திரும்புவார். பெரிய வண்டியின் பின்சக்கரம் அதன்மீது ஏறிச் செல்லும். பேருந்து ஓடாத உள்சாலையில் பெரிய வண்டி ஒருகணம் எதிர்த்தடத்தையும் பயன்படுத்தித் திரும்பினால் குற்றமில்லை.

சத்தத்துக்கு: நான் சொல்வது குறுகிய கூர்மையான வேகத்தடை அல்ல. ஒரு காரின் நீளத்துக்குத் தட்டையாக உள்ள மேடை. ஏற்றம் சாய்வாக இருக்கும். வண்டி ஏற்கெனவே திரும்பி மெதுவாகிவிட்ட இடத்தில் அது வருவதால், நேரான சாலையில் உள்ள மேட்டின் அதிர்ச்சி இங்கே இராது. இருப்பினும் அருகே படுக்கையறைச் சன்னல்கள் இருந்தால் அவர்களை முன்கூட்டியே சந்தித்துப் பேசுவதுதான் முறை.

உங்களில் யாரும் நடுத்திட்டின் திறப்பைப் பற்றிப் பேசவில்லை. எல்லாத் திருப்பங்களும் அனுமதிக்கப்பட்ட மூன்று கைச் சந்திப்பில் வண்டிப் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் ஒன்பது. திறப்பை மூடி, இடப்பக்கமாக நுழைந்து இடப்பக்கமாக வெளியேறுவதை மட்டும் அனுமதித்தால் அவை இரண்டாகக் குறைந்துவிடும்.

பழைய ஓட்டுநர்

இதில் என் அனுபவம் வேறு. திறப்பை மூடிய ஒரு சாலையில் பல ஆண்டுகள் ஓட்டினேன். நம் நாட்டில் அடையாளப் பலகை உள்ள இடத்தில்தான் யூ-திருப்பம் எடுக்கலாம். ஆகவே அந்தப் பேட்டைக்காரர்கள் அனைவரும் அடுத்த யூ-திருப்பத்தில் குவிந்தார்கள். அங்கே வலத் தடத்தில் வரிசை நின்றது. வரிசையைத் தவிர்க்க நினைத்தவர்கள் எனக்கு முன்னால் இடத் தடத்துக்குப் பாய்ந்தார்கள். ஒன்பது இரண்டானது உண்மைதான், ஆனால் மீதியுள்ள ஏழும் 400 மீட்டர் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டன.

மூடுவதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. வலப்பக்கம் திரும்பி உள்ளே வருபவருக்காக இடத் தடத்தில் வரும் ஒரு நல்ல மனிதர் நிறுத்தி, கையசைத்து வழிவிடுவார். அவரை நம்பி இவர் திரும்புவார். அந்த நல்ல மனிதரின் வண்டிக்கு அப்பால் வலத் தடத்தில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிளை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். தம்பி, உங்கள் பேட்டையில் யாராவது கையசைத்து வழிவிட்டால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

வடகிழக்குவாசி

ஒருவர் விடாமல் அனைவருக்கும் நன்றி. திறப்பை மூடச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. ஐயா பழைய ஓட்டுநர் சொன்ன யூ-திருப்பம் எங்களுக்கும் ஒரு பள்ளியின் வாசலருகேதான் இருக்கிறது. மேடை, சுருங்கிய மூலை, புதர், பேருந்து நிறுத்தம், தடுப்புக்கம்பம் ஆகிய ஐந்தையும் கேட்கலாம் என்று புளோக்கில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆனால் யாரிடம் கேட்பது என்பதிலேயே குழம்பிவிட்டோம். பெருஞ்சாலை ஓர் அமைப்பின் கையில், கார் நிறுத்துமிடம் இன்னோர் அமைப்பின் கையில், செடிகள் மூன்றாவது அமைப்பின் கையில். மூன்றும் சந்திக்கும் அந்தப் பதின்மூன்று மீட்டர் யாருடைய கையில்?

கரைக்கல்

பொதுச்சாலையும் அதன் நடைபாதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. கார் நிறுத்துமிடம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. பேட்டையின் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம். சாலையோர மரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் பதிந்தால் உரிய அமைப்புக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள், ஆனால் ஐந்து கோரிக்கைகளை ஐந்து பதிவுகளாக அனுப்பினால் அவை ஐந்து மேசைகளுக்குப் பிரிந்துபோகும். ஒரே கடிதமாக, ஒரே வரைபடத்தோடு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குக் கொண்டுசெல்லுங்கள். எல்லா அமைப்புகளையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரவழைக்க அவரால் கேட்க முடியும்.

முன்னுதாரணங்களையும் சுட்டிக்காட்டுங்கள். 2014-ல் தொடங்கிய ‘சில்வர் ஸோன்’ திட்டத்தில் மூத்தோர் மிகுந்த பேட்டைகளில் வேக வரம்பைக் குறைத்து, சாலையை வளைத்துக் குறுக்கி, நடுவே நின்று இரண்டு கட்டமாகக் கடக்க இடம் அமைத்தார்கள். பேட்டைச் சாலைகளை நடப்போருக்கு உகந்ததாக்க 2023-ல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்’ திட்டத்துக்கு அங் மோ கியோ, தோ பாயோ, தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக் வெஸ்ட், வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் கேட்பது புதுமையன்று. ஏற்கெனவே இங்கே செய்யப்பட்டதை உங்கள் வாசலுக்கும் நீட்டிக்கச் சொல்கிறீர்கள்.

கடைசியாக ஒரு யோசனை. சாலையில் வண்டிகளுக்குத் தேவைப்படாத இடம் எது என்று சாலையே காட்டிக்கொடுக்கும். உங்கள் பெருஞ்சாலையில் மஞ்சள் பூப் பூக்கும் அங்சானா மரங்கள் இருந்தால், அவை பூத்துக் கொட்டும் நாளில் காலையிலேயே போய்ப் பாருங்கள். சக்கரம் படாத இடத்தில் பூ அப்படியே கிடக்கும்.

வடகிழக்குவாசி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் பெய்த மழைக்குப் பின் எங்கள் சாலையின் அங்சானா மரங்கள் பூத்துக் கொட்டின. காலை ஆறே முக்கால் மணிக்கு ஆறாம் மாடி நடைவழியிலிருந்து முதல் படத்தை எடுத்தேன். நுழைவாயில் முழுவதும் மஞ்சளாக இருந்தது. ஒன்பதரை மணிக்கு, வேலைக்குச் செல்வோரும் பள்ளிப் பேருந்துகளும் போன பிறகு, அதே இடத்திலிருந்து இரண்டாவது படம். நடுவே இரண்டு கறுப்புத் தடங்கள். வலது மூலையில் பள்ளிப் பேருந்து நின்றிருந்த அடையாளம். இடது மூலையில் கரைக்கல்லை ஒட்டி, அகன்ற இடத்தில் இரண்டு மீட்டருக்கும் மேலான மஞ்சள் பிறை ஒன்று அப்படியே கிடந்தது.

குப்பை லாரி வரும் நேரம் தெரியும் என்பதால் காத்திருந்தேன். பத்து மணி கழித்து அது உள்ளே வந்து, அரை மணி நேரத்தில் வெளியே போனது. மூன்றாவது படத்தை எடுத்தேன். பிறையின் உள்விளிம்பில் ஒரு சக்கரத்தின் தடம் மட்டும் விழுந்திருந்தது. மீதிப் பூக்கள் நசுங்கவில்லை. விளக்குக் கம்பம் நண்பர் தீயணைப்பு வண்டியைப் பற்றிக் கேட்டது என் மனத்தில் இருந்தது. அதற்கு இந்த ஒரு லாரி முழு விடையாகாது என்பதை அறிவேன். அளந்து பார்க்க வேண்டியவர்கள் வந்து அளக்கட்டும்.

மூன்று படங்களையும் ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டு, அம்மா நின்ற இடத்தைச் சிவப்பு மையால் குறித்து, கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை மாலை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் செல்கிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

விளக்குக் கம்பம்

படங்களைப் பார்த்தேன். விளக்கு வேண்டும் என்ற கருத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை, ஆனால் அந்த மஞ்சள் பிறையில் நடைபாதை வரட்டும். திங்கட்கிழமை நானும் வந்து உங்களோடு வரிசையில் உட்காருகிறேன்.